விலை குறைந்த துப்பாக்கி: பயிர்க் காவலுக்கு நம்பலாமா?

மலையடிவார ஊர்களில் நிலக்கடலை, மக்காச்சோளம், மரவள்ளி, கரும்பு ஆகியவற்றைப் பயிரிடும் உழவர்களுக்குக் காட்டுப்பன்றி பெருந்தொல்லையாக இருந்து வருகிறது. பகலில் புதர்களிலும் ஓடைக் கரைகளிலும் பதுங்கியிருந்து, இருட்டிய பின் கூட்டமாக இறங்கும் இவ்விலங்கு தின்பதைவிடத் தோண்டியும் சாய்த்தும் அழிப்பதே அதிகம். காய் முற்றிய கடலைக் காடு ஒரே இரவில் ஏர் ஓட்டிய நிலம் போலாகி விடுகிறது. நான்கு மாத உழைப்பு இவ்வாறு போகும்போது, "கையில் ஒரு துப்பாக்கி இருந்தால்" என்று உழவர் நினைப்பது இயல்பே. புதுத் துப்பாக்கி வாங்க வசதி இல்லாதவர்கள் குறைந்த விலையில் கிடைப்பதைத் தேடுகின்றனர். பரணில் கிடக்கும் பாட்டன் காலத்துத் துப்பாக்கியை எடுத்துத் துடைப்பவர்களும் உண்டு.

விலை குறைந்த துப்பாக்கியை நம்பி வைத்துக் கொள்ளலாமா என்ற வினாவிற்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நம்பகம் என்பது எது?

ஒரு துப்பாக்கி நம்பத் தகுந்ததா என்பதை நான்கு வினாக்களால் அறியலாம்.

1. விசையை இழுத்தால் ஒவ்வொரு முறையும் தாமதமின்றி வெடிக்கிறதா?
2. வெடிக்கும்போது குழலும் அதன் பின்மூடியும் அழுத்தத்தைத் தாங்குகின்றனவா?
3. விசையை இழுக்காதபோது, கீழே விழுந்தாலும் தட்டுப்பட்டாலும் வெடிக்காமல் இருக்கிறதா?
4. குறி வைத்த இடத்திற்கே குண்டு செல்கிறதா?

முதல் வினாவையும் நான்காவது வினாவையும் மட்டுமே பலர் கேட்கின்றனர். உண்மையில் இரண்டும் மூன்றுமே முதன்மையானவை. நமக்குப் பழக்கமான விதையைக் கொண்டு இதை விளக்கலாம். சான்று பெற்ற நிலக்கடலை விதைக்கு 70 விழுக்காடு முளைப்புத் திறன் இருந்தால் போதும் என்பது விதிமுறை. நூற்றுக்கு முப்பது முளைக்காவிட்டாலும் விதை அளவைக் கூட்டிச் சரிசெய்து கொள்கிறோம். துப்பாக்கி நூற்றுக்கு ஐந்து முறை வெடிக்காமல் போனால், பன்றி தப்பிப் போகும், இழப்பு அவ்வளவே. ஆனால் நூறில் ஒரு முறை குழல் பிளந்தால் போவது விரல்களும் கண்ணும் ஆகும். அந்த இழப்பைச் சரிக்கட்ட வழியில்லை. எனவே துப்பாக்கியில் 'பெரும்பாலும் நன்றாக இருக்கிறது' என்ற சொல்லுக்கு இடமில்லை.

விலை எதில் குறைகிறது?

விலை குறைவு என்பது இருவகைப்படும். ஒன்று, தோற்றத்திலும் வசதியிலும் குறைவு. ஒற்றைக் குழல், வேலைப்பாடில்லாத கட்டை, மெருகு இல்லாத இரும்பு ஆகியவற்றால் விலை குறையலாம். இதனால் கேடு இல்லை. ஒற்றைக் குழல் துப்பாக்கியில் உறுப்புகள் குறைவு; பழுதுபடுவதும் குறைவு. முறையாகச் செய்த எளிய துப்பாக்கி, பகட்டான துப்பாக்கியைவிட நெடுநாள் உழைப்பதும் உண்டு.

மற்றொன்று, குழலின் உலோகத்திலும் சோதனையிலும் குறைவு. இதுவே ஆபத்து. இன்றைய 12 போர், 70 மி.மீ. தோட்டா வெடிக்கும்போது குழலுக்குள் 740 பார் வரை அழுத்தம் உண்டாகலாம் என்று பன்னாட்டு அளவு வகுக்கப்பட்டுள்ளது. லாரி டயரில் உள்ள காற்றழுத்தம் சுமார் 8 பார் தான். நாம் கிணற்றடியில் பயன்படுத்தும் இரும்புத் தண்ணீர்க் குழாய், இந்தியத் தர நிர்ணயப்படி 50 பார் அழுத்தத்தில் சோதிக்கப்படுகிறது. கரிமருந்தின் அழுத்தம் இன்றைய தோட்டாவைவிடக் குறைவாக இருப்பினும், தண்ணீர்க் குழாய்க்கு வகுத்த அளவைப் போல் பல மடங்காகும். இத்தகைய குழாயை அறுத்துச் செய்த நாட்டுத் துப்பாக்கி பத்து முறை தாங்கியது என்பதால் பதினோராவது முறையும் தாங்கும் என்று கொள்ள முடியாது. ஒவ்வொரு வெடியிலும் பற்றவைத்த இடமும் துருப்பிடித்த இடமும் சிறிது சிறிதாக நலிவடைகின்றன. வெளியில் ஒன்றும் தெரிவதில்லை.

சோதனை முத்திரை

விதை மூட்டையில் சான்று அட்டையைப் பார்ப்பது போலத் துப்பாக்கிக் குழலில் சோதனை முத்திரையைப் பார்க்க வேண்டும். வழக்கமான தோட்டாவைவிட மிகுந்த அழுத்தம் தரும் சோதனைத் தோட்டாவைக் கொண்டு, ஆள் அருகில் இல்லாமல் சுட்டு, குழல் விரியாமலும் வெடிக்காமலும் இருந்தால் மட்டுமே முத்திரை குத்துவர். மேலே சொன்ன 740 பார் தோட்டாவிற்குரிய குழல் 930 பாரில் சோதிக்கப்படுகிறது. இம்முறை புதிதன்று. லண்டனில் 1637-லும் பர்மிங்காமில் 1813-லும் சட்ட உரிமையோடு இச்சோதனை தொடங்கியது. மலிவான துப்பாக்கிகள் பலர் கையைப் பறித்ததே இதற்குக் காரணம்.

செய்தவர் பெயர், வரிசை எண் அல்லது வேறு அடையாளக் குறி பொறிக்கப்படாத துப்பாக்கியை விற்பதையும் கைமாற்றுவதையும் நமது நாட்டின் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் தடை செய்கிறது. ஊர்ப் பெயரை மட்டும் நம்புதல் கூடாது. பீகார் மாநிலத்து முங்கேரில் உரிமம் பெற்ற தொழிற்கூடங்களும் உள்ளன. அதே ஊரில் கள்ளத் துப்பாக்கி செய்வோரும் உள்ளனர்.

மூன்று வகைகள்

1. உரிமமில்லாத நாட்டுத் துப்பாக்கி: விலை மிகக் குறைவு. உலோகம் எது என்பது செய்தவருக்கே தெரியாது. சோதனை இல்லை. சுத்தியல் நிற்கும் பள்ளம் தேய்ந்து, தோளில் தொங்கும்போதே வெடிப்பதுண்டு. மேற்கண்ட இரண்டாவது, மூன்றாவது வினாக்களில் இது தேறாது. எந்த விலைக்கும், இனாமாகக் கிடைத்தாலும், இது வேண்டாம்.

2. உரிமத்துடன் கூடிய ஒற்றைக் குழல் மருந்து இடிக்கும் துப்பாக்கி (எஸ்.பி.எம்.எல்.): முறையான கூடத்தில் செய்ததாயின் குழல் நம்பத் தகுந்தது. ஆனால் மருந்தின் அளவு சுடுபவர் கையில் உள்ளது. இருட்டில் இருமுறை மருந்து போட்டுவிடுதல், குண்டை அடிவரை இடிக்காமல் இடைவெளி விடுதல் ஆகிய இரண்டும் நல்ல குழலையும் பிளக்கும். தோட்டாவில் உள்ள புகையில்லா மருந்தை எடுத்து இதில் இடவே கூடாது. ஈரமான இரவில் கேப் வெடித்தும் மருந்து பற்றாமல் போகலாம். அடுத்த முறை நிரப்புவதற்குள் காயம்பட்ட பன்றி ஆள்மேல் பாயும்.

3. பழைய 12 போர் தோட்டாத் துப்பாக்கி: முத்திரையுடன், நல்ல நிலையில் கிடைத்தால், குறைந்த விலையில் நம்பத் தகுந்தது இதுவே. ஆயினும் இதை ஆய்ந்தே வாங்க வேண்டும்.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடம், குண்டு இல்லை என்பதை முதலில் உறுதி செய்துகொண்டு, பின்வருவனவற்றைப் பார்க்க வேண்டும்.

அ) குழலை வெளிச்சத்தில் பிடித்து உள்ளே நோக்க வேண்டும். வளையம் போன்ற நிழல் தெரிந்தால் குழல் ஓரிடத்தில் உப்பியுள்ளது என்று பொருள். அதைத் தள்ளிவிட வேண்டும். ஆழமான துருக்குழிகளும் கூடா.

ஆ) குழலை மடக்கி மூடியபின், கட்டையைப் பிடித்து அசைத்தால் ஆட்டம் இருக்கக் கூடாது.

இ) தோட்டா அறையின் நீளத்தைப் பார்க்க வேண்டும். பழைய துப்பாக்கிகள் பல 65 மி.மீ. தோட்டாவிற்கு உரியவை. அவற்றில் 70 மி.மீ. தோட்டா நுழையும், ஆனால் அழுத்தம் அளவு மீறும்.

ஈ) குழலின் மேல் பின்னல் போன்ற வரிகள் தெரிந்தால், அது இரும்பையும் எஃகையும் முறுக்கிச் செய்த பழங்காலக் குழலாக இருக்கலாம். இன்றைய தோட்டாவிற்கு அது உரியதன்று.

உ) சுத்தியலைப் பாதி நிறுத்தத்தில் வைத்து, விசையை அழுத்தாமல் கட்டை விரலால் தள்ளிப் பார்க்க வேண்டும். நழுவினால் பழுது.

ஐயம் இருப்பின் உரிமம் பெற்ற பழுது பார்ப்பவரின் கருத்தைக் கேட்ட பின்னரே பணம் தர வேண்டும். உள்ளூர்ப் பட்டறையில் குழலைப் பற்றவைத்துச் சரிசெய்தல் ஆகாது.

பராமரிப்பு

நல்ல துப்பாக்கியும் கவனிப்பின்றி ஓரிரு மழைக் காலங்களில் கெட்டுப் போகும். கரிமருந்தின் எடையில் பாதிக்கு மேல் எரிந்தபின் திடக் கசடாகத் தங்கும். அது காற்றின் ஈரத்தை இழுத்துக் குழலை அரிக்கும். ஆகவே சுட்ட அன்றே வெந்நீரால் கழுவி, நன்றாக உலர்த்தி, எண்ணெய் பூச வேண்டும். விசையை இழுத்தும் வெடிக்காவிட்டால், குழலை ஆளில்லாத பக்கமாக நீட்டியபடியே இரண்டு நிமிடமாவது காத்திருத்தல் வேண்டும், தாமதமாக வெடிப்பதுண்டு. துப்பாக்கியையும் தோட்டாவையும் தனித்தனியே பூட்டி வைக்க வேண்டும். குழந்தைகள் உள்ள வீட்டில் இதில் சிறிதும் தளர்வு கூடாது.

சட்டம் கூறுவது

பயிர்ப் பாதுகாப்பிற்கென மருந்து இடிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் வழங்க 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் இடமுண்டு. அது போதாது என்று உரிமம் வழங்கும் அதிகாரி கருதினால், 20 அங்குலத்திற்குக் குறையாத குழலுடைய, உள்ளே வரிப்பள்ளம் இல்லாத வேறு துப்பாக்கிக்கும் உரிமம் தரலாம். உரிமமின்றி வைத்திருந்தால், 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, 2 ஆண்டு முதல் 5 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. உரிமமின்றிச் செய்து விற்பவருக்கு 7 ஆண்டு முதல் ஆயுள் வரை தண்டனை கிடைக்கும். உரிமம் பெற்றிருந்த தந்தை காலமானால், அவரது துப்பாக்கியை மகன் தானாக வைத்துக் கொள்ள இயலாது. தாமதமின்றிக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடமோ ஒப்படைத்துவிட்டுத் தம் பெயரில் உரிமத்திற்கு விண்ணப்பிக்க வேண்டும்.

மற்றொன்றையும் உழவர்கள் மனத்தில் கொள்ள வேண்டும். துப்பாக்கி உரிமம் வேறு. பன்றியைச் சுடும் அனுமதி வேறு. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022-ஆம் ஆண்டுத் திருத்தம் 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தபின், காட்டுப்பன்றி இரண்டாம் அட்டவணையில் உள்ளது. எழுத்து மூலமான அனுமதியின்றி அதைச் சுடுதல் குற்றமாகும். தமிழக அரசு 2025 சனவரியில் அறிவித்த முறைப்படி, காப்புக் காட்டிலிருந்து 1 கி.மீ. வரை பன்றியைச் சுட அனுமதி இல்லை. 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டில் விடப்படும். 3 கி.மீ.க்கு அப்பால் வனத்துறையினரே சுடுவர். மயிலைச் சுடுதல் முதல் அட்டவணைக் குற்றம். தண்டனை இன்னும் கடுமையானது.

துப்பாக்கி பயிரைக் காக்குமா?

ஆகவே, சட்டத்திற்கு உட்பட்டு உழவர் கையில் உள்ள துப்பாக்கி பெரும்பாலும் ஓசை எழுப்பி விரட்டுவதற்கும் உயிர்க் காப்பிற்கும் மட்டுமே பயன்படும். வெறும் ஓசைக்குப் பன்றி சில நாட்களில் பழகிவிடும். துப்பாக்கி இருப்பினும் இரவு முழுவதும் கண் விழிக்க ஆள் வேண்டும். தேர்தல் காலத்தில் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொன்னால், காய் முற்றும் பருவமாக இருந்தாலும் ஒப்படைத்தே ஆக வேண்டும். உறங்கும்போதும் காவல் காப்பது வேலியே.

இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர் நிலமுள்ளவர்கள் துப்பாக்கிக்கு ஒதுக்கும் பணத்தை முதலில் வேலிக்குச் செலவிடுவது சிறந்தது. சூரிய மின்வேலி பற்றியும் அதற்குரிய மானியம் பற்றியும் வேளாண்மைப் பொறியியல் துறையிலும், காட்டை ஒட்டிய நிலமாயின் அனுமதி பற்றி வனத்துறையிலும் கேட்டறியலாம். வீட்டு மின்சாரத்தை நேராகக் கம்பியில் விடுதல் கொலைக்கு ஒப்பானது. அதை எவரும் செய்யலாகாது. நிலக்கடலையைச் சுற்றி முள்ளுள்ள குசும்பாவையும், மக்காச்சோளத்தைச் சுற்றி ஆமணக்கையும் நெருக்கமாக விதைப்பது செலவு குறைந்த துணைமுறைகளாகும். அண்டை நிலத்தார் சேர்ந்து ஒரே வேலி அமைத்தால் ஏக்கருக்கு ஆகும் செலவு குறையும்.

சுருக்கமாகக் கூறின், விலை குறைந்தது என்பதற்காக ஒரு துப்பாக்கியைத் தள்ள வேண்டியதில்லை; முத்திரையும் உரிமமும் இல்லை என்றால் தள்ளியே தீர வேண்டும். வீட்டில் உரிமமில்லாத நாட்டுத் துப்பாக்கி இருப்பின், அதைச் சுட்டுப் பார்க்க முனையாமல், வழக்கறிஞர் அல்லது ஊர்ப் பெரியவர் துணையுடன் காவல் நிலையத்தில் ஒப்படைப்பதே நன்று. ஒரு போக விளைச்சல் போனால் அடுத்த போகத்தில் ஈடு செய்யலாம். ஏர் பிடிக்கும் கை போனால் ஈடு செய்ய இயலாது. உழவர் பெருமக்கள் இதனை எண்ணிப் பார்த்து, தம் நிலத்திற்கு ஏற்ற காவல் முறையைத் தேர்ந்து பயனடைவார்களாக.