முருகன் முகம் சரியா வரலையா? சுவாமிமலை ஓலை சொல்லித் தரும் பாடம்

ஓம் சரவணபவ 🙏



வரையப் பழகும் தம்பி தங்கைகள் பலருக்கும் ஒரு தயக்கம் இருக்கும். "முருகனை வரைஞ்சேன், முகம் கோணலா வந்துடுச்சு. கிழிச்சுப் போடவும் மனசு வரல, வச்சுப் பார்க்கவும் முடியல." இந்தப் பயத்துலயே பென்சிலைக் கீழே வச்சவங்க நிறைய பேர். குறை உங்க பக்தியிலயும் இல்ல, கையிலயும் இல்ல. அளவுலதான் இருக்கு.

நம்ம சுவாமிநாதன் குடியிருக்கும் சுவாமிமலையில், தலைமுறை தலைமுறையாக ஸ்தபதிகள் பஞ்சலோகச் சிலை வார்க்கிறார்கள். அத்தனை அனுபவம் இருந்தும் கண் மதிப்பை மட்டும் நம்பி வேலையைத் தொடங்குவதில்லை. தென்னை ஓலையைச் சிலையின் உயரத்துக்கு நறுக்கி, மடித்து மடித்து அளவு குறிக்கிறார்கள். சிற்ப சாஸ்திரத்தில் ஒரு முக நீளம் ஒரு தாலம். அதை 12 பங்காக்கினால் ஒரு பங்கு ஓர் அங்குலம். இது ஸ்கேல்ல இருக்கும் இஞ்ச் இல்லை. சிலை பெரிசானா அங்குலமும் பெரிசாகும்.

நாமும் ஓர் ஓலை செய்வோமா?

📏 உடம்பு: 24 செ.மீ. நீளத்துக்குக் காகிதப் பட்டை ஒண்ணு வெட்டுங்க. மூணு தடவை பாதி பாதியா மடிச்சா 8 சம பங்கு கிடைக்கும். ஒரு பங்கு ஒரு தலை. மேலிருந்து 1-ல் தாடை, 2-ல் மார்பு, 3-ல் தொப்புள், 4-ல் இடுப்பின் அடி, 6-ல் முழங்கால், 8-ல் பாதம். கிரீடம் இந்தக் கணக்கில் சேராது. அதைத் தலைக்குள்ளேயே அடக்கப் பார்ப்பதால்தான் நெற்றி காணாமல் போகிறது.

🙂 முகம்: உச்சந்தலைக்கும் தாடைக்கும் சரிபாதியில் கண். புதுசா வரையறவங்க எல்லாரும் கண்ணை மேலே ஏத்திடுவாங்க, நானும் அப்படித்தான். முடி தொடங்கும் இடம் முதல் புருவம், புருவம் முதல் மூக்கின் அடி, அங்கிருந்து தாடை, இந்த மூணும் சமம். முகத்தின் அகலம் ஐந்து கண் அகலம். இரண்டு கண்ணுக்கும் நடுவில் ஒரு கண் இடைவெளி.

👶 பால முருகன்: மொத்த உயரம் 5 தலை போதும். கண் பாதிக்கும் கீழே இறங்கணும். நெற்றி பெரிசு, மூக்கு சின்னது, கன்னம் உப்பல். பெரியவங்க முகத்தைச் சின்னதாக்கினா அது குழந்தை ஆகாது!

🦚 நிற்கும் அழகு: எந்தக் காலில் பாரம் இருக்கோ, அந்தப் பக்க இடுப்பு ஏறும், அதே பக்கத் தோள் இறங்கும். இது ரெண்டும் சரியா வந்தா உருவத்துக்கு உயிர் வந்துடும்.

நகை, மாலை, வேல் எல்லாம் பிறகுதான். சிலையிலும் கண் திறப்பது கடைசியில்தானே! நீங்களும் கண்ணின் உள்விவரத்தைக் கடைசியில் வரையுங்க. முடிச்சதும் படத்தைக் கண்ணாடியில் காட்டிப் பாருங்க. கோணல் உடனே தெரியும்.

சரி, கிழிக்க மனசு வராத அந்தப் பிரச்சினைக்கு என்ன வழி? தினமும் 15 நிமிஷம் மனுஷங்களை வரைங்க. காய் நறுக்கும் அம்மா, தூங்கும் தம்பி, பஸ்ஸுக்கு நிக்கும் தாத்தா. தப்பானா தயங்காம அடுத்த தாளுக்குப் போகலாம். காலண்டர் படத்தையே பார்த்து வரைஞ்சா நகை வரைய வரும், முகம் வராது. உயிருள்ள முகம்தான் முகத்தைச் சொல்லித் தரும்.

மாசம் ஒரு நாள், கிருத்திகை அன்னைக்கு மட்டும், முருகனை வரைங்க. கோணலா இருந்தாலும் கிழிக்காதீங்க. தேதி போட்டு ஒரே நோட்டில் வச்சுக்கோங்க. ஆறாவது கிருத்திகையில் முதல் பக்கத்தைத் திருப்பிப் பாருங்க. எவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கோம்னு உங்களுக்கே தெரியும். குழந்தை கிறுக்கித் தந்த படத்தைக் குறை சொல்ற அப்பா உண்டா? அப்பனுக்கே பாடம் சொன்ன நம்ம குருநாதன், கத்துக்கிற பிள்ளையைக் கைவிடுவானா?

இந்த வாரமே அந்தக் காகித ஓலையை மடிச்சுடுங்க. வரையப் பழகும் நண்பர்களுக்கும் இதைப் பகிருங்க.

வேலும் மயிலும் துணை 🙏
வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!