அலுவலகக் கணினியும் புதிய பணிசெயல் முறைமையும்

விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருக என மலர்க்குழுவினர் கேட்டபோது, இலக்கியப் பொருள் ஒன்றையே அவர்கள் எம்மிடம் எதிர்பார்த்திருப்பர். நாமோ கணினியைப் பற்றி எழுதப் புகுந்தோம். தமிழாசிரியனுக்குக் கணினியில் என்ன வேலை என்று வினவுவாரும் உளராகலாம். அவ்வினாவுக்குரிய விடை கட்டுரையின் பிற்பகுதியில் தானே விளங்கும்.

எமது கல்லூரி அலுவலகத்தில் ஐந்து கணினிகள் உள. அவை ஐந்திலும் விண்டோஸ் 10 என்னும் பணிசெயல் முறைமையே இயங்கி வந்தது. அதனை விட்டுப் புதியதாகிய விண்டோஸ் 11 இற்கு மாறுவதா, இருப்பதைக் கொண்டே காலங்கழிப்பதா என்ற கேள்வி எழுந்தது. "நன்றாக ஓடுகின்ற வண்டிக்கு எதற்குப் புதுச் சில்லு?" என்றார் ஒருவர். "ஐந்தையும் கழித்துவிட்டுப் புதியன வாங்குவோம், பணம் நான் தருகின்றேன்" என்று கடல்கடந்த நாட்டிலிருந்து எழுதினார் அன்பு மிக்க பழைய மாணவர் ஒருவர். அதிபர் அவர்கள் மூவர் கொண்ட குழுவொன்றை அமைத்து, தமிழ்ப் பதிவேடுகள் அக்கணினிகளில் இருத்தலின், எம்மையும் அதில் ஒருவராக்கினார்கள். அக்குழுவில் நாம் கற்றவற்றை முறைப்படுத்தி இங்கே தருகின்றோம். இதே கேள்வி, கடை வைத்திருப்போர்க்கும் சங்கம் நடத்துவோர்க்கும் உரியதேயாம்.

பணிசெயல் முறைமை யாது?

கல்லூரியில் மண்டபம் ஒன்று, ஆய்வுகூடம் ஒன்று, வகுப்புகளோ பல. எவ்வகுப்பு எவ்வேளை எவ்விடத்தைப் பயன்படுத்தலாம் என வகுத்து, மணியடிக்கச் செய்து, ஒன்றோடொன்று மோதாமற் காப்பவர் பிரதி அதிபர். கணினியினுள் இப்பணியைச் செய்வதே பணிசெயல் முறைமை. நினைவகம், வன்தட்டு, சாவிப்பலகை, அச்சுப்பொறி என்னும் வன்பொருள்களை, கடிதம் எழுதும் மென்பொருள், கணக்கு எழுதும் மென்பொருள் முதலியவற்றுக்கு அது பகிர்ந்தளிக்கின்றது. யாரை உள்ளே விடலாம், யாரை விடலாகாது என்று வாயிலிற் காவல் செய்வதும் அதுவே. ஆதலின் அதனை மாற்றுதல் ஒரு மென்பொருளை மாற்றுவது போன்றதன்று; நிருவாகத்தையே மாற்றுவது போன்றது.

முறைமைகளின் ஆயுள்

ஒவ்வொரு பதிப்புக்கும் ஓர் ஆயுள் உண்டு. விண்டோஸ் எக்ஸ்பி 2001 ஆம் ஆண்டு வெளிவந்தது. 2014 ஏப்பிரல் 8 ஆம் நாள் அதற்கான ஆதரவு முடிந்தது. 2009 இல் வந்த விண்டோஸ் 7 இற்கு 2020 சனவரி 14 முடிவு நாளாயிற்று. 2015 யூலை 29 இல் வெளிவந்த விண்டோஸ் 10 இன் பொதுவான ஆதரவு 2025 ஒக்ரோபர் 14 ஆம் நாளோடு முற்றுப்பெற்றது. விண்டோஸ் 11 வெளிவந்தது 2021 ஒக்ரோபர் 5 இல்.

ஆதரவு முடிந்தது என்றால், மறுநாட் காலையிற் கணினி இயங்காது என்பதன்று பொருள். அது முன்போலவே இயங்கும், கடிதம் அச்சாகும், கணக்குக் கூடும். இங்கேதான் பலரும் ஏமாறுகின்றனர். முடிவது இயக்கமன்று, காவலே. புதிதாகக் கண்டறியப்படும் ஓட்டைகளை அடைக்கும் திருத்தங்களை நிறுவனம் அதன்பின் பொதுவாக வழங்குவதில்லை. ஓட்டையின் செய்தியோ உலகெங்கும் பரவிவிடும். பூட்டுப் பழுதென்று திருடனுக்குத் தெரிந்தபின், வீட்டுக்காரன் மாத்திரம் அறியாது உறங்குவதை இஃது ஒக்கும்.

இதற்குச் சான்று வேண்டுவோர் 2017 மே 12 ஆம் நாள் நிகழ்ந்ததை நோக்குக. வன்னாகிரை என்னும் தீநிரல் அன்று ஏறக்குறைய 150 நாடுகளிற் பரவியது. கணினியிலுள்ள ஆவணங்களை மறையெழுத்தாக மாற்றிப் பூட்டி, திறப்பதற்குப் பணம் கேட்டது. இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவையைச் சேர்ந்த 236 மருத்துவ அமைப்புகளுள் குறைந்தது 80 பாதிப்புற்றன. நோயாளர் பலருடைய சிகிச்சைகள் பிற்போடப்பட்டன. அவ்வோட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசொவ்ற் நிறுவனம் அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்னரே, மார்ச்சு 14 இல், வெளியிட்டிருந்தது. பாதிப்புற்ற கணினிகளுட் பெரும்பாலானவை அக்காலத்தில் ஆதரவு முடியாத விண்டோஸ் 7 இல் இயங்கியவையே. திருத்தம் வந்தும் அதனை இடாதிருந்தமையே கேட்டுக்குக் காரணமாயிற்று. எனவே, புதிய முறைமை வாங்கிவிட்டோம் என்று வாளாவிருத்தல் போதாது. வருந்திருத்தங்களை அவ்வப்போது இடுதலும் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

புதியது என்பதனாலேயே நன்றாகுமா?

அஃதும் இல்லை. 2018 ஒக்ரோபரில் விண்டோஸ் 10 இற்கு வெளிவந்த பெரும் புதுப்பிப்பு ஒன்று, சிலருடைய கணினிகளிலிருந்த சொந்த ஆவணங்களையே அழித்துவிட்டது. சில நாட்களில் அதனை வழங்குவது நிறுத்தப்பட்டு, குறை நீக்கியபின் நவம்பரில் மீண்டும் வெளியிடப்பட்டது. முதல் நாளே முந்தியடித்து ஏற்றியோர் வருந்தினர், பொறுத்திருந்தோர் தப்பினர். முன்கூட்டியே படியெடுத்து வைத்தோர் எந்நிலையிலும் அஞ்சவேண்டியிருக்கவில்லை. முந்துதலும் தீது, காலங்கடந்து பிந்துதலும் தீது. இவ்விரண்டுக்கும் நடுவே நின்று ஆராய்வதே அறிவுடைமை.

நாம் முதலில் ஆராய்ந்தது வன்பொருளை. விண்டோஸ் 11 இற்குக் குறைந்தது 4 கிகாபைற்று நினைவகமும் 64 கிகாபைற்றுச் சேமிப்பிடமும் வேண்டும். அவற்றுக்கு மேலாக, மறைக்குறிகளைக் காக்கும் ரி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புறுப்பும் வேண்டும். இன்ரெல் வகையாயின், சில விலக்குகள் நீங்கலாக, 2017 இல் வரத்தொடங்கிய எட்டாந் தலைமுறை முறைவழியாக்கியோ அதற்குப் பிந்தியதோ இருத்தல் வேண்டும். இவற்றைச் சோதித்துச் சொல்லும் சிறு மென்பொருளை நிறுவனமே இலவசமாகத் தருகின்றது. சோதித்தபோது எமது ஐந்தில் இரண்டே தேறின. மூன்றாவதை ஆராய்ந்தபோது, பாதுகாப்புறுப்பு இருந்தும் அணைத்து வைக்கப்பட்டிருந்தமை தெரிந்தது. கணினி தொடங்கும்வேளை அமைப்புப் பகுதிக்குட் சென்று அதனை இயக்க, அதுவும் தேறியது. எஞ்சிய இரண்டும் முறைவழியாக்கி பழையதாதலின் தேறவில்லை. "தகுதியில்லை" என்று திரையிற் கண்டவுடனே பொறியை எறிந்துவிடலாகாது என்பது இங்கு நாம் கற்ற பாடம்.

தேறிய கணினியில் விண்டோஸ் 10 இலிருந்து 11 இற்கு மாறுவதற்குத் தனிக்கட்டணம் இல்லை. தேறாதவற்றுக்கு வழிகள் மூன்று. ஒன்று, நீட்டித்த பாதுகாப்புத் திருத்தங்களை விலைக்குப் பெறுதல். நிறுவனங்களுக்கு ஒரு கணினிக்கு முதலாண்டு விலை 61 அமெரிக்க டொலர்; ஆண்டுதோறும் இருமடங்காகும்; மூன்றாண்டுக்கு மேல் இல்லை. கல்வி நிறுவனங்களுக்கான உரிமத்தின் கீழாயின் முறையே 1, 2, 4 டொலர். இரண்டாவது, லினக்ஸ் வகையைச் சேர்ந்த உபுண்டு போன்ற இலவச முறைமையை ஏற்றுதல். அதன் நீடித்த ஆதரவுப் பதிப்பு ஈராண்டுக்கொருமுறை வெளிவருகின்றது. ஒவ்வொன்றுக்கும் ஐந்தாண்டுக்குத் திருத்தங்கள் உண்டு. கடிதம் எழுதவும் கணக்கெழுதவும் லிப்ரே ஒவ்வீஸ் உதவும். பழைய ஆவணங்களின் பக்க அமைப்புச் சிறிது குலையலாம். மூன்றாவது, இணையத்தொடர்பையும் வெளியார் கொணரும் நினைவுக்கோல்களையும் விலக்கி, தட்டெழுதுவதற்கு மாத்திரம் பயன்படுத்துதல்.

எழுத்து மறைந்த கதை

இனி, தமிழாசிரியனுக்கு இதில் என்ன வேலை என்ற வினாவுக்கு வருவோம். கணினி ஒன்றிற் புதிய முறைமையைத் துப்புரவாக ஏற்றிச் சோதனை பார்த்த அன்று, இலிகிதர் அம்மையார் சேர்விடாப்புக் கோப்பைத் திறந்தார். திறந்தவர் நடுங்கிப்போனார். "ஐயா, எழுத்தெல்லாம் போய்விட்டதே!" என்றார். திரையிலே தமிழ் இல்லை; பொருளற்ற ஆங்கில எழுத்துகள் வரிவரியாக நின்றன.

அக்கோப்பு எளிய கோப்பன்று. 1995 ஆம் ஆண்டு இடப்பெயர்வின்போது மழையில் நனைந்த சேர்விடாப்பின் தாள்களை, பின்னாளில் ஒவ்வொன்றாக விரித்து உலர்த்தி, எழுத்தெழுத்தாகப் பார்த்துத் தட்டெழுதி வைத்தது. அத்தாள்கள் இப்போது தொட்டால் உதிர்கின்றன. கல்லூரியிற் கற்றோம் என்பதற்கு வேறு சான்று யாதுமின்றி, உலகின் பல பாகங்களிலும் இருந்து எழுதிக் கேட்கும் பழைய மாணவர் பலர்க்கு, விடுகைப் பத்திரம் வழங்க ஆதாரமாக எஞ்சியிருப்பது அஃது ஒன்றே.

எழுத்து உண்மையிற் போகவில்லை. அக்கோப்பு பாமினி என்னும் எழுத்துருவில் தட்டெழுதப்பட்டது. அம்முறையில் தமிழுக்கெனத் தனி எண் கிடையாது. ஆங்கில எழுத்துகளின் இடங்களிலேயே தமிழ் வடிவங்கள் குடியிருக்கும். 'எம்' இருக்கும் இடத்தில் அகரம். 'கே' இருக்கும் இடத்தில் மகரம். 'எஃப்' இருக்கும் இடத்திற் ககரம். எழுத்துரு கணினியில் இல்லையாயின் குடியிருப்பவர் மறைந்து, வீட்டுக்காரரே தோன்றுவர். பழைய கணினியிலிருந்து எழுத்துருவை எடுத்துப் புதியதில் இட்டோம், தமிழ் மீண்டது. அம்மையாருக்கும் உயிர் மீண்டது.

ஆயினும் இது தற்காலிகப் பரிகாரமே. 1991 இல் வெளிவந்த முதற்பதிப்பிலேயே யூனிகோடு என்னும் ஒருங்குகுறி தமிழெழுத்துகளுக்குத் தனி எண்களை வகுத்துவிட்டது. அம்முறையில் எழுதியது எந்நாட்டுக் கணினியிலும், பொருத்தமான எழுத்துரு எதுவாயினும், தமிழாகவே நிற்கும். எனவே கோப்பினை ஒருங்குகுறிக்கு மாற்ற முனைந்தோம். மாற்றித்தரும் மென்பொருள்கள் உள. எனினும் கண்ணை மூடிக்கொண்டு அவற்றை நம்புதல் கூடாது. பாமினியில் 'கொ' என்பது ஒற்றைக்கொம்பு, ககரம், அரவு எனக் கண்ணுக்குத் தோன்றும் ஒழுங்கில் மூன்று துண்டுகளாக இருக்கும். ஒருங்குகுறியிலோ முதலில் ககர மெய்யுருவும், பின்னர் ஒகரக் குறியும் நிற்கும். அஃதாவது நாவில் ஒலிக்கும் ஒழுங்கு. கொம்பொன்று இடம் மாறினால் ஒருவர் பெயர் இன்னொருவர் பெயராகிவிடும். கோப்பினிடையே ஆங்கிலத்தில் எழுதிய முகவரிகளோ, மாற்றும்போது பொருளற்ற தமிழாகத் திரிந்தன. ஆதலின் உயர்தர வகுப்பு மாணவர் அறுவரை அழைத்து, ஒருவர் பழையதைப் படிக்க மற்றவர் புதியதைப் பார்க்க, வரிக்கு வரி ஒப்புநோக்கச் செய்தோம்.

அம்மாணவர்க்கு நாம் நினைவூட்டியது சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்களின் பணியையே. ஏட்டுச் சுவடியிலிருந்து தொல்காப்பியப் பொருளதிகாரத்தை 1885 இலும், கலித்தொகையை 1887 இலும் அவர் அச்சேற்றினார். புள்ளியின்றியும், எகர ஏகார வேறுபாடின்றியும் எழுதப்பட்ட ஏடுகளைப் பல படிகளோடு ஒப்புநோக்கினார். ஏடு அழியுமுன் அச்சுக்கு மாற்றவேண்டும் என்ற விரைவும், மாற்றும்போது பிழைபடலாகாது என்ற பொறுமையும் அவரிடம் ஒருங்கே இருந்தன. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டபோது, வேறு படியில்லாத சுவடிகள் மீளாமலே போயின. ஒரே படியாக இருப்பது, ஒருநாள் இல்லாமற் போகக்கூடியது. இந்த உண்மை ஓலைக்கும் ஒன்றே, வன்தட்டுக்கும் ஒன்றே.

குழுவின் முடிவு

இறுதியில் நாம் அதிபர் அவர்களுக்கு அளித்த விதப்புரைகள் இவை. முதலாவது, எதனையும் தொடுமுன் ஆவணங்கள் யாவற்றையும் இரண்டு படிகள் எடுத்து, ஒன்றினைக் கல்லூரிக்கு வெளியே வைத்தல். எடுத்த படி திறக்கின்றதா என்று திறந்தே பார்த்தல். இரண்டாவது, ஒரு கணினியில் மாத்திரம் புதிய முறைமையை ஏற்றி, ஒரு மாதம் அன்றாட வேலைகளை அதில் நடத்துதல். அச்சுப்பொறியும், எழுத்துருவும், கணக்கு மென்பொருளும் ஒத்துவருகின்றனவா எனக் குறித்தல். மூன்றாவது, தேறிய ஏனைய இரண்டையும் தவணை விடுமுறையில் மாற்றுதல். பரீட்சை விண்ணப்பக் காலத்தில் தொடாதிருத்தல். நான்காவது, தேறாத இரண்டில் ஒன்றுக்கு உபுண்டு ஏற்றுதல். மற்றதனை இணையத்தினின்றும் நீக்கித் தட்டெழுத்துக்கு மாத்திரம் விடுதல். ஐந்தாவது, வருந்திருத்தங்களை இடுவதற்குக் கிழமையில் ஒரு நாளையும் ஒருவரையும் பொறுப்பாக்குதல்.

ஐந்து புதிய கணினிகள் வாங்கித்தர முன்வந்த அன்பருக்கு யாது கூறுவது? கொடையை மறுப்பது எளிதன்று. மறுத்தால் மனம் நோகுமோ என்று குழுவில் ஒருவர் அஞ்சினார். நாம் உள்ளதை உள்ளபடி எழுதினோம். மூன்று கணினிகளுக்கு விலையே இல்லை என்றும், வேகம் குறைந்த இரண்டுக்குச் சுழலாத் திண்மத் தட்டுகள் பொருத்தினாற் போதும் என்றும், எஞ்சும் பணத்தை உதிர்கின்ற பதிவேடுகள் அனைத்தையும் ஒளிப்படமாக்கி ஒருங்குகுறியிற் பெயர்த்தெழுதும் பணிக்குத் தருக என்றும் வேண்டினோம். அவர் மறுமொழி இரண்டு வரியே: "அப்படியே செய்யுங்கள். நனைந்த அவ்விடாப்பில் என் பெயரும் இருக்கின்றது."

பழைய மாணவர்காள், உங்கள் பெயர் எவ்வாறு எழுதப்பட்டுள்ளது என்று ஒருமுறை எழுதிக் கேளுங்கள். பிழையிருப்பின் திருத்த இதுவே தருணம். மாணவர்காள், ஒப்புநோக்கும் பணிக்கு இன்னும் கைகள் வேண்டும். சனிக்கிழமைகளில் அலுவலகத்துக்கு வருக. பொறிகள் மாறும், முறைமைகளும் மாறும். கல்லூரித் தாய் தன் மக்களின் பெயர்களை மறவாதிருக்கச் செய்வது நம் கடன். அவள் நீடு வாழ்க.