திருவெண்காட்டு இடபவாகனர்

தஞ்சைக்கு யாத்திரை செல்லும் அன்பர்கள் பலர் பெரிய கோயிலோடு திரும்பிவிடுகின்றனர். அரண்மனை வளாகத்தில் 1951-இல் அமைந்த கலைக்கூடத்தையும் அவசியம் காண வேண்டும்.

அங்குள்ள செப்புத் திருமேனிகளுள் திருவெண்காட்டு இடபவாகனர் தனிச்சிறப்புடையவர். பாம்புகளைத் தலைப்பாகைபோல் சுற்றிய சடை. குறுக்கே வைத்த கால். காளையின்மீது ஊன்றுவதுபோல் மடித்த கை. ஆனால் காளை இல்லை! தனியே வார்க்கப்பட்ட அது கிடைக்கவில்லை. ஆயினும் அக்கையைப் பார்த்தால் காளை நம் கண்முன் நிற்கும்.

இம்மூர்த்திக்கு அணிகலன்கள் அளிக்கப்பட்டதைத் திருவெண்காட்டுக் கோயிலின் 1011-ஆம் ஆண்டுக் கல்வெட்டு கூறுகிறது. முதலாம் இராசராசன் காலம் அது. சோழர் செப்புத் திருமேனிகள் பெரும்பாலானவற்றில் ஆண்டுக் குறிப்பே கிடையாது. ஆகவே ஆய்வாளர்கள் இதனை அளவுகோலாகக் கொண்டு மற்றவற்றின் காலத்தைக் கணிக்கின்றனர். நன்கொடைக் கணக்கு எழுதுவதை வெறும் குமாஸ்தா வேலை என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்கவும்.

அதே வளாகத்தில் சரசுவதி மகால் நூலகமும் உண்டு. ஓலைச்சுவடிகளைப் பூச்சி அரிக்காதிருக்க, நாம் செராய் என்போமே, அந்தப் புல்லின் எண்ணெயைப் பூசுவது வழக்கம். நம் ஆலயத்தின் பழைய நன்கொடைப் பதிவேடுகள் அலமாரியில் எந்நிலையில் உள்ளன என்று இவ்வாண்டு திறந்து பார்ப்போமா?