பிலத்தினுள் ஒரு பகல்

குகை என்றவுடன் மலையும், மலைப்பக்கத்தே இருண்டு திறந்த ஒரு வாயிலுமே நம் நினைவிற்கு வருகின்றன. நம் முன்னோர் குகையைக் குறிக்கப் பல சொற்களை வழங்கினர். விலங்குகள் உறையும் மலைக்குகையை முழை என்றனர். மலையிடத்துப் பிளப்பை விடர் என்றனர். நிலத்தினுள் கீழ்நோக்கி இறங்கிச் செல்லும் குகையைப் பிலம் என்றனர். முழையையும் விடரையும் இளமை முதலே பல ஊர்களிற் கண்டிருக்கிறேன். பிலத்தை ஏட்டிற் படித்ததுண்டேயன்றிக் கண்ணாற் கண்டதில்லை. அறுபது வயதைக் கடந்தபின், 2023ஆம் ஆண்டு அரையாண்டுத் தேர்வு விடுமுறையில், என் பேரக் குழந்தைகளால் அவ்வாய்ப்பு எனக்குக் கிட்டியது.

ஆந்திர மாநிலத்து நந்தியால் மாவட்டத்தில் பெலும் என்னும் சிற்றூர் உள்ளது. 2022ஆம் ஆண்டுவரை அது கர்நூல் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அங்குள்ள குகையின் நீளம் 3,229 மீட்டர். அதில் ஒரு பகுதியையே மக்கள் சென்று காணலாம். பிலம் என்னும் வடசொல்லே பெலும் எனத் திரிந்தது என்பர். சென்னையிலிருந்து மும்பைக்குச் செல்லும் இருப்புப்பாதையில் தாடிபத்திரி என்னும் நிலையத்தில் இறங்கினால், அங்கிருந்து சாலைவழியே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவு. என் மகன், மருமகள், பன்னிரண்டு வயதுப் பேத்தி, ஐந்து வயதுப் பேரன் ஆகியோருடன் நான் புறப்பட்டேன்.

இரயிலில் உறக்கம் வாராது புரண்டுகொண்டிருந்த பேரன், "தாத்தா, ஒரு கதை சொல்லுங்கள்" என்றான். கம்பராமாயணத்துக் கிட்கிந்தா காண்டத்தில் 'பிலம் புக்கு நீங்கு படலம்' என்று ஒரு பகுதி உண்டு. சீதையைத் தேடிச் சென்ற வானரர் ஒரு பிலத்தினுட் புகுந்து, இருளில் வழி அறியாது இடர்ப்பட்டதும், பின்னர் அநுமனால் வெளிப்போந்ததும் அதில் வரும். நாளை காணப்போகும் இடத்திற்கு இதைவிடப் பொருத்தமான கதை வேறு யாது என்று எண்ணி, இருளின் கொடுமையையும் வானரரின் கலக்கத்தையும் குரலை ஏற்றியும் இறக்கியும் விரித்துரைத்தேன். குனிந்து பார்த்தபோது குழந்தை உறங்கிவிட்டிருந்தான். பிலம் புக்கதை அவன் கேட்டான், நீங்கியதைக் கேட்கவில்லை. அதனால் விளையக்கூடியதை நான் அப்போது சிந்திக்கவில்லை.

மறுநாட் காலையில் குகையை அடைந்தோம். "மலை எங்கே, தாத்தா?" என்று குழந்தைகள் இருவரும் ஒருங்கே வினவினர். வினவியதில் வியப்பில்லை. கண்ணுக்கு எட்டிய வரை சமநிலமே பரந்து கிடந்தது. அந்நிலத்தின் நடுவே, பெருங்கிணறு போல ஒரு பள்ளம் வாய் திறந்திருந்தது. அதனுள் படிகள் இறங்கிச் சென்றன. அதைக் கண்ட மாத்திரத்தில் பேரன் கைப்பிடிக் கம்பியை இறுகப் பற்றிக்கொண்டு, "நான் வரமாட்டேன்; உள்ளே போனால் வழி தெரியாது" என்று அழத் தொடங்கினான். "ஆண்பிள்ளை அஞ்சலாமா?" என்றேன். அழுகை மிகுந்ததே தவிரக் குறையவில்லை. அச்சத்தை விதைத்தவன் நான்; அதைக் களைய நான் கூறிய சொல்லோ பயனற்ற சொல்.

பேத்தி அவனருகே படியில் அமர்ந்தாள். நான் இரவில் விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடர்ந்து, வானரர் அனைவரும் நலமே வெளியே வந்ததைக் கூறினாள். பிறகு, "உள்ளே விளக்குகள் எரிகின்றன. அப்படியும் எங்களைக் காணவில்லை என்றால் ஓடாதே. நின்ற இடத்திலேயே உட்கார்ந்துகொள். நாங்கள்தாம் உன்னைத் தேட வேண்டும். நீ எங்களைத் தேடக் கூடாது. தெரிந்ததா?" என்றாள். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையசைத்தான். நான் நகைத்து, "நான் கையைப் பிடித்திருக்கும்போது அவன் எங்ஙனம் காணாமற்போவான்?" என்றேன். அவள் மறுமொழி கூறவில்லை. "கல்லை மட்டும் தொடாதே, கண்ணா" என்று மருமகள் கூற, அனைவரும் இறங்கினோம்.

பிலத்தினுள் குளிர்ச்சி இருக்கும் என்று எதிர்பார்த்தோம், புழுக்கமே எதிர்கொண்டது. வெளிக்காற்றைக் குழாய் வழியே உள்ளே செலுத்துகின்றனர். அவ்வாறு செலுத்தும் இடங்களில் நின்று நின்று நடந்தோம். சிறுவரை அழைத்துச் செல்வோர் விரைந்து நடத்தலாகாது. ஓரிடத்தில் வழி அகன்று மண்டபம் போல் விரிகின்றது. மற்றோரிடத்தில் ஒருவர்பின் ஒருவராய்க் குனிந்தே செல்லவேண்டும். நான் மும்முறை தலையில் இடித்துக்கொண்டேன். பேரன் ஒரு முறையும் குனியவில்லை. அவனுக்கு அது தேவைப்படவில்லை. அதில் அவனுக்கு எல்லையற்ற மகிழ்ச்சி.

இக்குகையை அமைத்த சிற்பி நீரே. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமிலவாயுவைத் தன்னுட் கலந்துகொண்டு மென்மையான அமிலம் ஆகின்றது. அந்நீர் சுண்ணாம்புக்கல்லின் பிளவுகளிற் புகுந்து கல்லைச் சிறிது சிறிதாகக் கரைக்கின்றது. நம் வீட்டு அடுக்களை மேடைக்கு இடும் கடப்பைக் கல்லும் சுண்ணாம்புக்கல் வகையே. அஃது இப்பகுதியில் மிகுதி. பன்னெடுங்காலம் கரைந்து கரைந்து இடைவெளி குகை ஆகின்றது. பின்னர்க் கூரையிலிருந்து சொட்டும் நீரில் உள்ள வாயு நீங்க, அதில் கரைந்திருந்த சுண்ணாம்பு மீண்டும் கல்லாகிப் படிகின்றது. கூரையிலிருந்து தொங்குவது கல்விழுது. கீழே துளி விழும் இடத்தில் எழுவது கல்முளை. இரண்டும் கூடினால் கல்தூண். விழுது என்ற பெயர் எத்துணைப் பொருத்தமானது என்பதை இங்கே ஒரு கூடத்தில் கண்டேன். பெருந்தூண் ஒன்றைச் சூழக் கல்விழுதுகள் தொங்குவதால் அதனை ஆலமரம் என்றே மக்கள் வழங்குகின்றனர்.

கல்விழுது ஒன்று ஓராண்டில் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவே வளர்வது பெரும்பான்மை. ஓர் அங்குலம் வளர 250 ஆண்டுகள் வேண்டும் என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள். நம் கைவிரலில் உள்ள எண்ணெய்ப் பசை அதன்மேற் படிந்தால், நீர் அங்கே படியாது விலகும், வளர்ச்சி கெடும், நிறமும் மாறும். கல்லைத் தொடாதே என்பதற்குக் காரணம் இதுதான். கட்டையால் தட்டினால் இன்னோசை எழுப்பும் கற்கள் உள்ள பகுதி ஒன்றும் உண்டு. ஏழிசைக் குகை என்னும் பொருளில் அதற்குப் பெயர். நாங்கள் தட்டவில்லை. "தொடக் கூடாது என்றீர்கள், தட்டலாமா?" என்று பேரன் கேட்டுவிட்டான். விடை கூற எனக்குத் தெரியவில்லை.

இக்குகையை 1884ஆம் ஆண்டில் குறித்து வைத்தவர் இராபர்ட் புரூசு பூட் என்னும் ஆங்கிலேய நிலவியல் அறிஞர். 1863ஆம் ஆண்டில் சென்னையை அடுத்த பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தவரும் அவரே. ஏறத்தாழ நூறாண்டுகள் கழித்து, 1982, 1983ஆம் ஆண்டுகளில் டேனியல் கெபாவர் தலைமையில் செருமானியர் குழு ஒன்று வந்து குகையை விரிவாக ஆராய்ந்தது. 2002ஆம் ஆண்டில் பொதுமக்கள் காண்பதற்குத் திறக்கப்பட்டது.

கோடிலிங்கம் என்று வழங்கும் பகுதியை அடைந்தோம். மேலும் கீழும் பக்கமும் சிவலிங்க வடிவில் எண்ணற்ற கற்கள். மெய்ம்மறந்தேன். பேத்திக்கு அவற்றின் வயதைக் கணக்கிட்டுக் காட்டும் ஆர்வத்தில் இரு கைகளையும் மேலே உயர்த்திச் சுட்டிப் பேசினேன். இரு கைகளையும் உயர்த்தினேன் என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். பேச்சு முடிந்து கையைத் தாழ்த்தியபோது, பற்றுவதற்கு அங்கே சிறுகை இல்லை.

முன்னே சென்ற பெற்றோருடன் இருப்பான் என்று எண்ணி விரைந்தோம். அவர்களோ அவன் என்னுடன் வருகின்றான் என்று எண்ணியிருந்தனர். மருமகளின் முகம் வெளுத்தது. மகன் உரக்கப் பெயரிட்டு அழைத்தான், நானும் அழைத்தேன், உடன் வந்த பார்வையாளர் சிலரும் அழைத்தனர். எங்கள் குரல்கள் சுவர்தோறும் மோதித் திரும்பி, எது அழைப்பு, எது எதிரொலி என்று அறியாதபடி குகையை நிறைத்தன. பக்கவழிகள் பல இருளினுட் பிரிந்து சென்றன. எதில் நுழைவது? என் கால்கள் நடுங்கின. குழந்தைக்குக் கூறிய கதையில் இருளை நான் எத்துணை எளிதாக வருணித்தேன் என்று அப்போது நினைத்தேன்.

"எல்லோரும் பேசாதிருங்கள்!" என்றாள் பேத்தி. ஒரு சிறுமியின் சொல்லுக்கு அத்தனை பெரியோரும் வாய் மூடினோம். அவள் ஒருமுறை மட்டும் தம்பியை அழைத்துவிட்டுச் செவிசாய்த்தாள். நீர் சொட்டும் ஒலி கேட்டது. பின்னர் மெல்ல, "அக்கா, இங்கே இருக்கிறேன்" என்ற குரல் கேட்டது. மீண்டும் அழைத்தாள்; மீண்டும் குரல். அக்குரலைப் பின்பற்றி, நாங்கள் வந்த வழியிலேயே இருபது முப்பது அடி திரும்பி நடந்தோம். ஒரு வளைவின் அப்பால், விளக்கின் கீழே, தரையில் சம்மணமிட்டு அவன் அமர்ந்திருந்தான். கைகள் இரண்டையும் அக்குளில் இறுக்கி வைத்திருந்தான். கன்னங்களில் கண்ணீர்த் தாரை.

"அடிபட்டதா? கையை ஏன் இப்படி வைத்திருக்கிறாய்?" என்று மருமகள் பதறி வாரி எடுத்தாள்.

"நான் ஓடவில்லை, அம்மா. கல்லையும் தொடவில்லை" என்றான்.

நாங்கள் நின்ற தொலைவிற்கும் அவன் இருந்த இடத்திற்கும் இடையே இரண்டு பக்கவழிகள் இருந்தன. அவன் எங்களைத் தேடிப் புறப்பட்டிருந்தால் அவற்றுள் ஒன்றில் நுழைந்திருப்பான். மகன் அவ்வழிகளைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான், ஒன்றும் கூறவில்லை. கடிந்து கூறியிருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

திரும்பிவிடலாம் என்று மருமகள் கூறினாள். "பாதாளகங்கையைப் பார்க்க வேண்டும்" என்றான் பேரன். குகையின் மிக ஆழமான பகுதி அது. தரைமட்டத்திற்குக் கீழே 46 மீட்டர். ஆண்டு முழுதும் வற்றாத சிற்றோடை ஒன்று அங்கே பாய்ந்து நிலத்தினுள் மறைகின்றது. பேத்தி முன்னே சென்றாள். அடுத்துத் தம்பி, பின்னர் அவன் பெற்றோர், கடைசியில் நான் என்று அவளே வரிசை வகுத்தாள். அவ்வரிசையில் இறங்கி அந்நீரின் ஒலியைக் கேட்டு நின்றோம். கூரையிலிருந்து ஒரு துளி பேரனின் புறங்கையில் விழுந்தது. அதை உற்று நோக்கியவன், "இது கல்லாக வேண்டிய தண்ணீர்தானே, தாத்தா?" என்று வினவிக் கையைச் சாய்த்துத் துளியைப் பாறைமேல் வழியவிட்டான்.

நண்பகலில் மேலே வந்தோம். வெயில் கண்ணைக் கூசியது. இளநீர் அருந்தும்போது பேத்தி, "தாத்தா, இரயிலில் தம்பிக்கு இன்று என்ன கதை சொல்வீர்கள்?" என்று கேட்டாள். "அவன் சொல்லட்டும், நான் கேட்கிறேன்" என்றேன்.