லண்டனா, அயப்பாக்கமா?

கேள்வி: எம்.பி.பி.எஸ். முடித்துப் பத்து வருடமாகப் பட்டாபிராம் பக்கத்தில் சொந்தமாகக் கிளினிக் நடத்துகிறேன். அம்பத்தூர் எஸ்டேட்டிலும் ஆவடியைச் சுற்றியுள்ள பட்டறைகளிலும் வேலை பார்க்கும் ஒடிசா, பீகார் பையன்கள்தான் என் நோயாளிகளில் பாதிப் பேர். காய்ச்சல் என்று வந்தால் டெங்குவா, மலேரியாவா, டைபாய்டா, ஸ்க்ரப் டைஃபஸா என்று தினமும் குழப்பம். பொது சுகாதாரத்தையும் வெப்பமண்டல மருத்துவத்தையும் முறையாகப் படிக்க ஆசை. ஆனால் இரண்டு வருடம் கிளினிக்கைப் பூட்டிவிட்டுப் போக முடியாது. பையன் ஆறாம் வகுப்பு படிக்கிறான். என்னுடன் படித்த தோழி ஒருத்தி லண்டனில் மூன்று மாத டிப்ளமா முடித்திருக்கிறாள். என் போனிலோ ஆறு மாத ஆன்லைன் 'முதுநிலை டிப்ளமா' விளம்பரங்கள் வந்தபடி இருக்கின்றன. நான் எதைப் படிக்கலாம்? படித்ததை போர்டில் போட்டுக்கொள்ளலாமா? அரசு வேலைக்கு உதவுமா?

– ஒரு வாசகி, பட்டாபிராம்

பதில்: கடைசி இரண்டு கேள்விகளையும் முதலில் முடித்துவிடுவோம். அவற்றுக்குப் பதில் தெரிந்தால் முதல் கேள்வி பாதி சுலபமாகிவிடும்.

போர்டு விஷயம். மூன்று மாதமோ ஆறு மாதமோ படித்து வாங்கும் சான்றிதழ் உங்களை அந்தத் துறையின் சிறப்பு மருத்துவர் ஆக்காது. ஒரு துறையில் உரிய சிறப்புத் தகுதி இல்லாமல் 'ஸ்பெஷலிஸ்ட்' என்று சொல்லிக்கொள்ளக் கூடாது என்பது 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகளிலேயே இருக்கிறது. லண்டன் டிப்ளமாவாக இருந்தாலும் இதே கதைதான். பெயருக்குப் பின்னால் எதைச் சேர்ப்பதானாலும் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் எழுதிக் கேட்டுவிட்டுச் சேருங்கள்.

அரசு வேலை. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் (எம்.ஆர்.பி.) தேர்வு எழுதி ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவராகச் சேர எம்.பி.பி.எஸ். போதும், குறுகிய காலச் சான்றிதழ் அங்கே கணக்கில் வராது. நகர்நல அலுவலர், மாவட்ட சுகாதார அலுவலர் போன்ற பதவிகளுக்கு முழுநீளப் பொது சுகாதாரப் படிப்பு வேண்டும். பொது சுகாதாரத்துக்கென்று தனித் துறையும் தனிப் பணிநிலைகளும் வைத்திருக்கும் மாநிலம் நம்முடையது. 1939-இலேயே சென்னை மாகாணத்தில் இதற்கென்று சட்டம் வந்துவிட்டது. அந்தப் பாதையில் போக நினைத்தால், விதிகள் அடிக்கடி திருத்தப்படுகின்றன என்பதால், அந்தந்த ஆண்டின் அறிவிக்கையைப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும். உங்கள் ஊருக்குப் பக்கத்தில் பூந்தமல்லியில் இருக்கும் பொது சுகாதார நிறுவனம் பெரும்பாலும் துறை ஊழியர்களுக்குப் பயிற்சி தரும் இடம். தனியார் மருத்துவராக இருக்கும்வரை அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

ஆக, பெயருக்குப் பின்னால் எழுத்தும் கிடைக்காது, பதவியும் கிடைக்காது. மிஞ்சுவது ஒன்றுதான்: நாளைக்குக் கிளினிக்கில் உங்கள் வேலை மாறுமா என்பது. அதை வைத்துத்தான் படிப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஒரே வாரத்தில் ஒரே தெருவிலிருந்து ஆறு பேர் மஞ்சள் காமாலையோடு வருகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு பேருக்கும் ரத்தப் பரிசோதனை எழுதி, ஓய்வெடுக்கச் சொல்லி, எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம் என்று அனுப்பினால் மருத்துவம் முடிந்தது. கொள்ளைநோயியல் படித்தவர் இன்னொன்றும் செய்வார். ஒரு தாளில் ஆறு வரி எழுதுவார்: வயது, ஆணா பெண்ணா, வீடு எங்கே, முதல் அறிகுறி தெரிந்த தேதி, குடிக்கும் தண்ணீர் குழாயா லாரியா கேனா, வீட்டில் வேறு யாருக்காவது உண்டா. 'லைன் லிஸ்ட்' என்பது இவ்வளவுதான். தேதிகளை வரிசைப்படுத்தினால் ஆறும் நாலைந்து நாளுக்குள் குவிகின்றனவா, வாரக்கணக்கில் பரவிக் கிடக்கின்றனவா என்பது தெரியும். குவிந்திருந்தால் எல்லோரும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் ஒரே இடத்தில் கிருமியை வாங்கியிருக்கலாம். ஹெபடைடிஸ் ஏ கிருமி உள்ளே போய் நோய் வெளியே தெரியச் சராசரியாக நான்கு வாரம் ஆகும். அதனால் நேற்றுக் குடித்த தண்ணீரைப் பற்றிக் கேட்டுப் பயனில்லை. போன மாதம் தெருவில் எங்கே பள்ளம் தோண்டினார்கள், எந்தக் குழாய் உடைந்தது என்று கேட்க வேண்டும். குழாய்முனைத் தண்ணீரில் எஞ்சிய குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்கிறதா என்று பார்க்கச் சொல்ல வேண்டும்.

யாரிடம் சொல்வது? உங்கள் வட்டாரத்தில் இதுவே ஒரு பாடம். அம்பத்தூர் 2011-இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. ஆவடி 2019-இல் தனி மாநகராட்சி ஆனது. பூந்தமல்லி நகராட்சி. இடையிலே ஊராட்சிகளும் உண்டு. நோயாளி அம்பத்தூரில் வேலை செய்து ஆவடியில் தூங்குவார், கிருமிக்கு எல்லை தெரியாது, கோப்புக்குத் தெரியும். எந்த வீட்டுக்கு எந்த சுகாதார ஆய்வாளர் என்பது உங்கள் போனில் இருக்க வேண்டும். லண்டனில் இதைச் சொல்லித்தர ஆளில்லை.

இப்போது லண்டனுக்கு வருவோம். லிவர்பூல் வெப்பமண்டல மருத்துவப் பள்ளி 1898-இலும், லண்டன் பள்ளி 1899-இலும் தொடங்கப்பட்டன. காலனி நாடுகளுக்குப் போகும் ஆங்கிலேய மருத்துவர்கள் அதுவரை பார்த்திராத நோய்களைக் கற்றுக்கொண்டு கப்பலேறுவதற்காக வந்த பள்ளிகள் அவை. இன்றும் டி.டி.எம். அண்ட் எச். என்ற அந்த மூன்று மாத டிப்ளமா நல்ல படிப்பு. மைக்ராஸ்கோப்பில் மலத்தையும் ரத்தப் படலத்தையும் கைப்பட உட்கார்ந்து பார்க்க வைப்பார்கள். பாங்காக்கின் மஹிடோல் பல்கலைக்கழகத்தில் இதே டிப்ளமா ஆறு மாதம். எல்லை கடந்த மருத்துவர்கள் அமைப்பு போன்றவற்றில் சேர்ந்து ஆப்பிரிக்காவுக்குப் போகிற எண்ணம் இருந்தால் தயங்காமல் போங்கள், அங்கே அதற்கு மதிப்பு உண்டு. பட்டாபிராமிலேயே இருக்கப் போகிறீர்கள் என்றால் யோசிக்க வேண்டும். லண்டன் மாணவர் படத்தில் பார்க்கும் டெங்குவையும் டைபாய்டையும் நீங்கள் மாலை ஓ.பி.யில் பார்க்கிறீர்கள். கட்டணம், விமானம், தங்குமிடம் எல்லாம் சேர்ந்து பல லட்சம் ஆகும், மூன்று மாதக் கிளினிக் வருமானமும் போகும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். உங்களைக் குழப்பும் ஸ்க்ரப் டைஃபஸுக்கு, நோய் முற்றிய நிலையில் டாக்சிசைக்ளினையும் அசித்ரோமைசினையும் சேர்த்து நரம்பில் ஏற்றுவது தனித்தனியாகக் கொடுப்பதைவிட நல்லது என்று நிரூபித்த ஆய்வு 2023-இல் வெளிவந்தது. அதை முன்னின்று நடத்தியவர்கள் வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள். அக்குள், இடுப்பு மடிப்பு, மார்புக்குக் கீழே என்று துணி விலக்கித் தேடினால்தான் இந்த நோயைக் காட்டிக்கொடுக்கும் கறுத்த பொருக்குப் புண் கண்ணில் படும் என்பதை அவர்களைவிட நன்றாகச் சொல்லித்தர யார் இருக்கிறார்கள்?

இந்தியாவிலேயே வெப்பமண்டல மருத்துவம் படிக்க வேண்டுமானால் 1921-இல் திறக்கப்பட்ட கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளி இருக்கிறது. ஆனால் அங்கே இருப்பது முறையான முதுநிலைப் படிப்பு. நீட் பி.ஜி. எழுதி, ஊரை விட்டுப் போய் வருடக்கணக்கில் தங்க வேண்டும். உங்களுக்கு ஒத்துவராது.

இனி அயப்பாக்கம். அம்பத்தூரை ஒட்டி, வீட்டுவசதி வாரியக் குடியிருப்புக்குள் இருக்கும் ஐ.சி.எம்.ஆர். தேசியக் கொள்ளைநோயியல் நிறுவனத்தைச் சுற்றுவட்டாரத்தில் பல மருத்துவர்களுக்கே தெரியாது. ஆவடியில் இயங்கிய ஜால்மா தொழுநோய்க் களப்பிரிவையும், சென்னையிலிருந்த மருத்துவப் புள்ளியியல் ஆராய்ச்சி நிறுவனத்தையும் இணைத்து 1999-இல் உருவானது இது. அந்த ஆவடிப் பிரிவு 1991-இல் தொடங்கி, அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் சுமார் 1,71,000 பேரிடம் நான்கு தொழுநோய்த் தடுப்பூசிகளை ஒப்பிட்டுப் பார்த்தது. அதற்கு முன்பே, 1968-இல் அதே மாவட்டத்தில் பி.சி.ஜி. தடுப்பூசிச் சோதனை தொடங்கி, 15 ஆண்டுகள் மக்களைப் பின்தொடர்ந்து, பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்று உலகத்துக்குச் சொன்னது. பாடப் புத்தகங்களில் 'செங்கல்பட்டு ஆய்வு' என்று வருவது உங்கள் பக்கத்து ஊர்களில் நடந்ததுதான்.

இந்த நிறுவனம் 2001 முதல் நடத்திவரும் களக் கொள்ளைநோயியல் பயிற்சி ஈராண்டு நீளம். சில வாரம் வளாகத்தில் வகுப்பு, மிச்சக் காலம் களத்தில் வேலை. அரசுப் பணியில் இருப்பவர்களை மனத்தில் வைத்து உருவானது என்பதால் உங்களுக்கு நேரடியாகப் பொருந்தாது. பொருந்துவது அவர்களுடைய ஆன்லைன் பாடங்கள். 'ஹெல்த் ரிசர்ச் ஃபண்டமென்டல்ஸ்' என்ற பாடத்தை ஐ.ஐ.டி. மெட்ராஸ் ஒருங்கிணைக்கும் என்.பி.டி.இ.எல். தளத்தில் இலவசமாகக் கேட்கலாம். சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் கட்டணம் கட்டி, தேர்வு மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும். மருத்துவ முதுநிலை மாணவர்களுக்குக் கட்டாயமாக்கப்பட்ட ஆராய்ச்சி அடிப்படைப் பாடத்தை உருவாக்கியவர்களும் இவர்களே. ஆய்வுக் கேள்வியை எப்படிக் கேட்பது, எத்தனை பேரைப் பார்த்தால் போதும், கிடைத்த எண்ணை எவ்வளவு நம்பலாம் என்பதைச் சிறு சிறு பாடங்களாகச் சொல்கிறார்கள். கிளினிக் மூடிய பிறகு ராத்திரி ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும்.

'ஆராய்ச்சி எனக்கெதற்கு' என்று தோன்றலாம். அயப்பாக்கத்துக்காரர்கள் மாநிலக் காசநோய்ப் பிரிவோடு சேர்ந்து 2022-இல் தொடங்கிய 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' எப்படி நடக்கிறது என்று பாருங்கள். காசநோய் உறுதியானவுடனே உயரம், எடை, மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன் அளவு, பிடிமானமின்றி நிற்க முடிகிறதா, கால் வீங்கியிருக்கிறதா என்று பார்க்கிறார்கள். உடல் நிறை குறியெண் 14 அல்லது அதற்கும் கீழே, நிமிடத்துக்கு 24-க்கு மேல் மூச்சு, ஆக்சிஜன் 94-க்குக் கீழே, தானாக நிற்க முடியாமை: இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். எடை மெஷினும் விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரும் உங்கள் மேஜை மேலேயே இருக்கும். பொது சுகாதாரம் படித்தவர் செய்தது, எந்த எண்ணில் கோடு போடுவது என்று கண்டுபிடித்ததுதான்.

ஆன்லைன் பாடத்தால் வராதது கைப்பழக்கம். அதற்கு நேரில்தான் போக வேண்டும். தொழுநோய்க்குக் காட்பாடி பக்கம் காரிகிரியிலுள்ள ஷீஃபெலின் நிறுவனமும், செங்கல்பட்டிலுள்ள மத்தியத் தொழுநோய் நிறுவனமும் மருத்துவர்களுக்குக் குறுகிய பயிற்சிகள் நடத்துகின்றன. கொசுவும் யானைக்காலும் என்றால் புதுச்சேரியிலுள்ள நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம். முன்கூட்டியே எழுதிக் கேட்டு, கிளினிக்குக்கு விடுப்பு விடும் நாளோடு பொருத்திக்கொள்ளுங்கள்.

விளம்பரத்தில் வரும் ஆறு மாத டிப்ளமாக்களைப் பொறுத்தவரை, பணம் கட்டுமுன் நான்கு கேள்வி கேளுங்கள். சான்றிதழ் தருவது எந்தப் பல்கலைக்கழகம்? பாடம் எடுப்பவர்கள் களத்தில் வேலை பார்த்தவர்களா? தேர்வு கண்காணிப்போடு நடக்கிறதா? நம் சொந்தத் தரவை வைத்துச் செய்யும் புராஜெக்டை யாராவது திருத்தித் தருவார்களா? நான்காவதற்கு 'இல்லை' என்றால் மற்ற மூன்றும் எப்படியிருந்தாலும் விட்டுவிடுங்கள். உலக சுகாதார நிறுவனம் ஆதரிக்கும் 'சார்ட் இட்' என்ற பயிற்சியில், ஒரு கட்டத்து வேலையை முடிக்காதவரை அடுத்த கட்டத்துக்கே விடமாட்டார்கள். நல்ல குறுகிய படிப்புக்கு அதுதான் அளவுகோல்.

எனவே என் யோசனை இது. முதலில் என்.பி.டி.இ.எல். பாடத்தை முடியுங்கள். அதோடு காய்ச்சல் நோயாளிகளுக்கென்று ஒரு தனி நோட்டுப் போடுங்கள்: காய்ச்சல் தொடங்கிய தேதி, வசிக்கும் தெரு, வேலையிடம், கடைசியாகச் சொந்த ஊருக்குப் போய் வந்தது எப்போது, என்ன டெஸ்ட், என்ன முடிவு. ஒடிசாப் பையனுக்கு 'ஊருக்குப் போனது எப்போது' என்ற ஒரு கேள்வியே மலேரியாவை முன்னால் கொண்டுவரும். விவாக்ஸ் மலேரியா என்று வந்தவர் 14 நாள் பிரிமாக்வின் முழுசாகச் சாப்பிட்டாரா, மூன்று மாதம் கழித்து மறுபடி அதே காய்ச்சலோடு வந்தாரா என்பதையும் எழுதுங்கள். மலேரியா, டெங்கு, காசநோய் எல்லாம் தனியார் மருத்துவரும் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்கள். காசநோய்க்கு 2012 முதலே இது கட்டாயம். அந்த நோட்டு இருந்தால் தெரிவிப்பதும் எளிது.

ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் நோட்டில் ஏறிய பிறகு, உங்களுக்குத் தேவை மைக்ராஸ்கோப்பா, புள்ளியியலா, இரண்டு வருட முழுப் படிப்பா என்பது அதைப் புரட்டினாலே தெரிந்துவிடும். அப்போதும் லண்டன்தான் என்று தோன்றினால் தாராளமாக விண்ணப்பியுங்கள். விண்ணப்பத்தில் எழுதுவதற்கு உங்கள் கையில் சொந்தமாக ஒரு கேள்வி இருக்கும்.