சாரலுக்கு என்ன குறி போடுவது?

ஜூன் பிறந்துவிட்டால் தென்காசிக்காரனிடம் வெளியூர் உறவினர் கேட்கும் முதல் கேள்வி, "சீசன் எப்படி இருக்கு?" இந்தச் சீசன் காலண்டரில் இருக்கும் பருவம் அல்ல. அருவியில் தண்ணீர் விழுவது, சாரல் அடிப்பது, வெயில் ஒளிந்துகொள்வது எல்லாம் சேர்ந்த ஒரு நடப்பு. பெயர்ச்சொல் வேஷத்தில் ஒரு வினை.

யூ.எம்.ஆர். என்னும் பொருண்மை வரைவு முறையில் தமிழ் வாக்கியங்களுக்குக் குறியிடப் பழகியபோது என்னை முதலில் மடக்கியது இந்தச் 'சீசன்' என்ற சொல்தான். அதன் முன்னோடியாக 2013இல் வந்த ஏ.எம்.ஆர்., யார் எதை யாருக்குச் செய்தார் என்பதை வரைபடமாக்கியது. காலத்தையும் வினையின் போக்கையும் விட்டுவிட்டது. 2021இல் முன்வைக்கப்பட்ட யூ.எம்.ஆர். போக்கையும் கேட்கிறது: நிலையா, வழக்கமா, நடந்துகொண்டிருப்பதா, முடிவை எட்டாமல் நின்றதா, நிறைவேறியதா? வினைமுற்றில் பெரிய சிக்கல் இல்லை. குளித்துக்கொண்டிருந்தோம், குளித்துவிட்டோம் என்று துணைவினையே காட்டிக்கொடுத்துவிடும். பெயர்தான் வாய் திறக்காது.

பள்ளியில் படித்த இலக்கணம் இங்கே கை கொடுத்தது. 'குளித்தவர்' வினையாலணையும் பெயர், காலம் காட்டும். 'குளியல்' தொழிற்பெயர், காட்டாது. ஆகவே முதலில் பெயரின் வகையைப் பார்க்கிறேன், பிறகு அதன் பக்கத்தில் நிற்கும் வினையை. 'தடை விதிக்கப்பட்டது' என்பதில் சொல் இரண்டு, நிகழ்வு ஒன்று, நிறைவேறியது. 'தடை நீடிக்கிறது' என்றால் தடை அமலில் இருக்கும் நிலை. ஆனால் மழைநாள் செய்தியில் 'பேரருவியில் குளிக்கத் தடை' என்று மொட்டையாக வருமே, அதற்கு? உடன் குறியிட்ட தோழி நிலை என்றாள், நான் நிறைவு என்றேன். அரை நாள் போனது. இப்படித் துப்பே இல்லாத பெயருக்கென்றே 'ப்ராசஸ்' என்ற பொதுக்குறி இருக்கிறது. அதைப் போடுவது தோல்வி என்று நினைத்திருந்தேன். ஊகித்துப் போட்ட குறிதான் பின்னால் அதிகம் திருத்த வைத்தது.

வினையே இல்லாத வாக்கியம் இன்னொரு தொல்லை. 'பெரியப்பாவுக்கு ஐந்தருவிப் பக்கம் மங்குஸ்தான் கடை.' தமிழுக்கு இது முழு வாக்கியம். வரைபடத்திலோ உடைமை, இடம், இருப்பு என்று கண்ணுக்குத் தெரியாத ஒரு பயனிலையை நாமே நட வேண்டும். இவை பெரும்பாலும் நிலைதான். அந்தப் 'பெரும்பாலும்' எனக்குக் காதில் விழவில்லை. இருப்பு என்று கண்டாலே கண்ணை மூடிக்கொண்டு நிலை போட்டேன். 'ஜூலையில் ஐந்தருவியில் தண்ணீர் இருக்கும்' என்ற வரியில் மாட்டிக்கொண்டேன். ஆண்டுதோறும் நடப்பது, வழக்கம். 'இந்நேரம் ஐந்தருவியில் தண்ணீர் இருக்கும்' என்றால் அதே 'இருக்கும்', ஆனால் வெறும் அனுமானம். அங்கே நிலை சரி. 'உம்' விகுதியைப் பார்த்தால் இப்போது முன்னால் நிற்கும் காலச்சொல்லைத் தேடிவிட்டுத்தான் கை வைக்கிறேன்.

கடைசியில் வந்தது, 'சாரலில் நடந்தோம்.' சாரல் என்பது மலையடிச் சரிவென்றால் அது இடம், போக்குக் குறியே கிடையாது. தூறலென்றால் நிகழ்வு. நல்லவேளை, எழுதியவர் உள்ளூர்க்காரர். கூப்பிட்டுக் கேட்டேன்.

"குடைய விரிச்சும் நனைஞ்சிட்டோம்லா அண்ணாச்சி" என்றார். ப்ராசஸ் போட்டேன்.