மூன்றாவது கார்பன்

அன்புள்ள கயல்,

அல்லுலோஸ் பாக்கெட்டின் விலையைப் பார்த்துவிட்டு, "சர்க்கரையிலிருந்து செய்யும் சர்க்கரைக்கு இவ்வளவா மாமா?" என்று கேட்டிருந்தாய். சரியான கேள்விதான்.

பழங்களில் உள்ள ஃபிரக்டோஸுக்கும் அல்லுலோஸுக்கும் மூலக்கூறு வாய்பாடு ஒன்றே. மூன்றாவது கார்பனில் உள்ள ஹைட்ராக்சில் மட்டும் பக்கம் மாறி நிற்கிறது. அதற்கே கலோரி கிராமுக்கு 4-லிருந்து ஏறத்தாழ 0.4 ஆகக் குறைந்துவிடுகிறது. உடல் அதை எரிக்காமல் பெரும்பாலும் சிறுநீரில் தள்ளிவிடும். இனிப்போ சீனியில் 70 சதவீதம். இயற்கையில் அத்தி, உலர்திராட்சை போன்றவற்றில் துளியளவே உண்டு.

இப்படிப் பக்கம் மாற்றும் நொதியை 1990-களின் தொடக்கத்தில் மண்ணில் வாழும் பாக்டீரியா ஒன்றில் கண்டவர், ஜப்பானின் ககாவா பல்கலைக்கழகப் பேராசிரியர் கென் இசுமோரி. அப்புறம் ஏன் விலை இறங்கவில்லை?

இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். நொதி வினையை விரைவுபடுத்தும். அது எங்கே போய் நிற்கும் என்பதை மாற்றாது. அல்லுலோஸ் 30 சதவீதத்தை நெருங்கும்போது, உருவாகும் வேகத்திலேயே அது மீண்டும் ஃபிரக்டோஸாகவும் மாறுகிறது. எவ்வளவு நொதி கொட்டினாலும் அந்தச் சமநிலை எல்லை நகராது. மிச்சத்தைப் பிரித்தெடுத்துத் திரும்ப வினைக்கு அனுப்ப வேண்டும். செலவில் பெரும்பங்கு அதற்கே போகிறது.

அப்படியானால் நொதியைத் திருத்துவதில் என்ன லாபம்? வெப்பம் தாங்கும் திறனைக் கூட்டலாம். சூடு ஏறினால் சமநிலை அல்லுலோஸ் பக்கம் சற்றே சாயும், பாகு இளகி ஓடும், வேண்டாத கிருமிகளும் வளராது. மரபணுவில் கண்டபடி மாற்றங்களைப் புகுத்தி, சூடாக்கி, பிழைத்த நொதிகளை மட்டும் பொறுக்கி, திரும்பவும் மாற்றுவார்கள். இந்த நெறிப்படுத்திய பரிணாம முறைக்காகத்தான் ஃபிரான்சஸ் அர்னால்டு 2018-இல் வேதியியல் நோபல் பரிசில் பாதியைப் பெற்றார்.

எனக்கு இதைவிடப் பிடித்தது இன்னொரு வழி. மாவுச்சத்தை உடைக்கும்போதே சர்க்கரையில் பாஸ்பேட்டை ஏற்றி, அதோடு சேர்த்தே பக்கம் மாற்றி, கடைசியில் பாஸ்பேட்டை வெட்டிவிடுவது. அந்த வெட்டு ஏறத்தாழ ஒருவழிப் பாதை என்பதால் வினை முன்னோக்கி இழுக்கப்படுகிறது. சிக்கல், வெட்டும் நொதி அல்லுலோஸ் பாஸ்பேட்டை மட்டும் வெட்ட வேண்டும். குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் பாஸ்பேட்டுகளில் கைவைத்தால் விளைச்சல் சரியும். அந்தத் தேர்வுத்திறனை ஊட்டுவதுதான் நொதிப் பொறியாளரின் உண்மையான வேலை.

இனி எங்காவது 'அதிசய நொதி' என்று படித்தால், சமநிலை எத்தனை சதவீதத்தில் நிற்கிறது என்று முதலில் தேடிப் பார்த்து எனக்கு எழுது.

அன்புடன்,
மாமா